கண் சிவக்கும் கேமரா

பிப்ரவரி 3

தம்பிக்கு,

உன்னிடமிருந்து கடிதம் வந்து நாலு மாதம் ஆகிறது என்று நான் எழுதப்போவதில்லை. எழுதினால் "கடையில் வேலை" என்பாய். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு ஒரு கேமரா வேண்டும்.

எது வாங்கலாம் என்று நீதான் சொல்ல வேண்டும். பன்னிரண்டு வருஷமாக ஸ்டூடியோவில் உட்கார்ந்து ஊரார் முகத்துப் பருவையும் தழும்பையும் மை தொட்டு அழிக்கிறவன் நீ. உன்னிடம் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பது? ஆனால் உன் கடைக்கு வருகிறவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டு முதுகை நிமிர்த்தி உட்காருவார்கள். என் வீட்டில் இருப்பவை அந்த ஜாதி இல்லை. மூத்தவனுக்கு ஐந்து வயது. நாங்கள் ஆசையாக வைத்த பெயரை எல்லோரும் மறந்து "ராக்கெட்" என்றுதான் கூப்பிடுகிறோம். சின்னவள் பட்டாணி, இரண்டு முடிந்து நாலு மாதம். தரையில் கொட்டிய பட்டாணி எங்கே நின்றிருக்கிறது?

கீழ் வீட்டுத் தையற்காரி அக்காவின் கேமராவை இரவல் வாங்கி ஒரு முழு ரோல் எடுத்துப் பார்த்தேன். பிரிண்டைப் பார்த்துவிட்டு அவர், "இது உன் பிள்ளைங்களா, இல்ல கொடியில காயற துணியா?" என்று கேட்டார். எனக்கே சந்தேகமாகத்தான் இருந்தது.

விளையாட்டுக்குக் கேட்கவில்லை. உன் அத்தான் லாரியை எடுத்துக்கொண்டு போனால் வர மூன்று வாரம் ஆகிறது. போன தடவை உள்ளே நுழைந்ததும் பட்டாணி என் பின்னால் ஒளிந்துகொண்டு "இது யாரு?" என்றாள். அவர் சிரித்தார். பிறகு குளியலறைக்குப் போய் ரொம்ப நேரம் குழாயைத் திறந்து விட்டிருந்தார். கிளம்பும்போது சொன்னார்: "வண்டியில ஒட்டி வெக்க ஒரு படம் குடு. ரெண்டும் சேர்ந்து இருக்கணும். நான் இல்லாதப்ப அதுங்க வளர்றது எனக்கும் தெரியணும்ல." அந்த ஒரு படத்துக்குத்தான் இந்தப் பாடு.

விலை அதிகம் கூடாது. ஓட்டல் சலவை அறையில் வேலைக்கு நான் போடும் மேலங்கிப் பைக்குள் அடங்க வேண்டும். அமுக்கினால் அமுக்கின நொடியே எடுக்க வேண்டும். பட்டாணியை நீ இன்னும் நேரில் பார்க்கவில்லை என்பதையும் நான் எழுதப்போவதில்லை.

அக்கா


பிப்ரவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். கடையில் வேலை என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். நீ முந்திக்கொண்டாய்.

உன்னிடம் சில கேள்விகள் கேட்கலாம் என்று நினைத்தேன். கேட்டு, நீ பதில் எழுதி, அது வந்து சேர்வதற்குள் ராக்கெட்டுக்கு மீசை முளைத்துவிடும். அதனால் உன் வீட்டை நானே ஊகித்துக்கொண்டேன். இரண்டு அறை, ஒரு ஜன்னல், பகலிலும் விளக்கு. நீ வேலை முடிந்து வந்து சாயங்காலம்தான் படம் எடுப்பாய். வெளிச்சம் போதாது, ஆளும் நிற்காது. இந்த இரண்டையும் சமாளிக்கிற கேமராவைத்தான் தேட வேண்டும்.

ஜூம் வேண்டாம். கடைக்காரர்கள் அதைத்தான் தலையில் கட்டப் பார்ப்பார்கள். இழுக்க இழுக்க லென்ஸுக்குள் வெளிச்சம் குறையும், படம் கலங்கும். தூரம் வேண்டுமானால் நீயே இரண்டு அடி முன்னே பின்னே நட. ஃபிலிம் நானூறு என்று போட்டதைக் கேட்டு வாங்கு, நூறு வேண்டாம், அது வெளிச்சம் நிறையக் கேட்கும்.

முதலாளியின் அலமாரியில் ஏற்கெனவே ஒருவர் கைபட்ட கேமராக்கள் இரண்டு இருக்கின்றன. ஒன்று நல்ல சரக்கு. ஃபிளாஷ் லென்ஸிலிருந்து நாலு விரல் தள்ளி, மேலே தனியாக நிமிர்ந்து நிற்கும். ஆனால் கனம். விலையும் நீ சொன்னதைத் தாண்டுகிறது. இன்னொன்று சோப்புப் பெட்டி அளவுதான். அமுக்கினால் டக்கென்று எடுக்கிறது. கடைக்கு வரும் பூனையை விரட்டி விரட்டி எடுத்துப் பார்த்தேன், மீசை வரை தெளிவாக விழுந்திருக்கிறது. குறை ஒன்று உண்டு. ஃபிளாஷ் லென்ஸை ஒட்டியே இருக்கிறது. இருட்டு அறையில் எடுத்தால் கண் சிவப்பாக விழும். வெளிச்சம் கருமணி வழியாக நேரே உள்ளே போய், கண்ணின் பின்பக்கத்து ரத்தத்தில் பட்டு, போன வழியே திரும்பி வருகிறது. பயப்பட ஒன்றும் இல்லை.

அதைத் தடுக்க ஒரு பொத்தான் வைத்திருக்கிறார்கள். அதைப் போட்டால் படம் எடுப்பதற்கு முன் ஒரு நொடி ஃபிளாஷ் மினுக்கும். அந்த ஒரு நொடியில் உன் பிள்ளைகள் அடுத்த தெருவில் இருப்பார்கள். அதனால் அந்தப் பொத்தானைத் தொடாதே. கண் சிவந்தால் சிவக்கட்டும். ரோலை எனக்கு அனுப்பு. கழுவி, பிரிண்ட் போட்டு, கறுப்பு மை தொட்டுச் சரிசெய்து அனுப்புகிறேன். தினமும் இருபது முப்பது கண்ணைக் கறுப்பாக்குகிறவனுக்கு உன் பிள்ளைகள் கண் ஒரு வேலையா?

எது வேண்டும் என்று எழுது. அடுத்த மாதம் லீவு கேட்டுப் பார்க்கிறேன்.

உன் தம்பி


பிப்ரவரி 20

தம்பிக்கு,

சோப்புப் பெட்டியை அனுப்பு. இன்றைக்கே அனுப்பு. நேற்று ராக்கெட் ஜன்னல் கம்பியில் தலைகீழாகத் தொங்கினான். கீழே பட்டாணி இரண்டு கையையும் விரித்து, "விழு, நான் புடிக்கறேன்" என்று நின்றாள். கையில் கேமரா இல்லை. இருந்திருந்தால் முதலில் எடுத்துவிட்டு அப்புறம் அடித்திருப்பேன்.

சலவை அறையில் உன்னைப் பற்றிச் சொல்லிச் சிரித்தோம். விளக்கு வைத்த மேஜை மேல் ஒரு நாளைக்கு முன்னூறு விரிப்பை இழுத்துப் பார்க்கிறேன். ஓட்டல் அறையில் எவனோ சிந்திய காப்பியைக் கடுகளவு இருந்தாலும் பிடித்துவிடுவேன். நான் கறையைக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறேன், நீ கறையை மூடிச் சம்பளம் வாங்குகிறாய். ஒரே வயிற்றில் பிறந்த இரண்டுக்கும் வேலை கொடுத்தவன் நல்ல குறும்புக்காரன்.

லீவு கேட்டுப் பார்க்கிறேன் என்று எழுதாதே. கேட்டேன் என்று எழுது.

அக்கா


மார்ச் 14

அன்புள்ள அக்காவுக்கு,

உன் முதல் ரோல் வந்தது. முப்பத்தாறு படத்தில் எட்டு வெறும் கதவு. ஐந்தில் குதிகால். ஒன்றில் உன் கட்டை விரல், அது மட்டும் அசையாமல் நன்றாக விழுந்திருக்கிறது.

தப்பு கேமராவில் இல்லை. நீ பிள்ளையைத் துரத்துகிறாய். அப்படிச் செய்யாதே. அவர்கள் எங்கே வருவார்கள் என்பது உனக்குத் தெரியும் அல்லவா? கட்டிலிலிருந்து குதித்தால் பாயில்தானே விழுவார்கள். பாயைப் பார்த்துப் பொத்தானைப் பாதி அமுக்கிப் பிடித்துக்கொண்டு காத்திரு. உள்ளே பச்சை விளக்கு எரியும். ஆள் வந்ததும் மீதிப் பாதியை அமுக்கு. ஓடுகிறவர்களுக்கு முன்னால் போய் நிற்பதுதான் இதில் உள்ள ஒரே வித்தை.

ஆனாலும் ஒன்று தேறிவிட்டது. இருபத்து இரண்டாவது படம். இரண்டு பேரும் கன்னத்தோடு கன்னம் வைத்து, வாய் கொள்ளாத சிரிப்பு. அத்தானுக்கு அதைப் பெரிதாகப் போட்டிருக்கிறேன். கண்கள் எல்லாம் சிவந்திருந்தன, மை வைத்துவிட்டேன். பட்டாணிக்கு மட்டும் ஒரு கண்ணில் வெள்ளைப் பொட்டு மாதிரி வெளிச்சம் விழுந்திருந்தது. ஜன்னல் எதிரொளியாக இருக்கும். அதையும் மூடிவிட்டேன், தேடினாலும் தெரியாது.

அவள் உன் ஜாடை இல்லை அக்கா. மூக்கு என்னுடையது. உருப்பெருக்கியை வைத்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலாளி வந்து, "என்னய்யா, ஒரு படத்துக்கு ஒரு நாளா?" என்றார்.

லீவு கேட்டேன். பள்ளிக்கூடத்து அடையாள அட்டைப் படங்கள் முடியட்டும் என்கிறார்.

உன் தம்பி


மார்ச் 25

என் தங்கத் தம்பிக்கு,

படம் வந்தது! பிரித்ததும் கீழே ஓடினேன், மேலே ஓடினேன், கட்டிடத்தில் ஒரு வீடு பாக்கியில்லை. தையற்காரி அக்கா, "இதுங்க முகம் இப்பதான்மா எனக்குத் தெரியுது" என்றார். உன் அத்தான் ஸ்டியரிங்குக்கு மேலே ஒட்டிவிட்டார். "தூக்கம் வந்தா இதுங்க ரெண்டும் என்னை முறைக்குதுங்க" என்கிறார். அவர் குரலில் இப்படி ஒரு குழைவைக் கேட்டு எத்தனை நாளாயிற்று.

வெள்ளைப் பொட்டோ கறுப்புப் பொட்டோ, என் பெண் அழகி. நீ மூடினாலும் அழகி, மூடாவிட்டாலும் அழகி. மூக்கு உன்னுடையது என்று சொந்தம் கொண்டாட வேண்டாம். வேண்டுமானால் நடையை எடுத்துக்கொள். உன்னை மாதிரியே பார்க்காமல் நடந்து இடப்பக்கக் கதவு நிலையில் வாரத்துக்கு இரண்டு தரம் இடித்துக்கொள்கிறாள். ராக்கெட் அவளைச் சுற்றிச் சுற்றி ஓடிப் பழக்கிவிட்ட அவசரம், வேறென்ன.

பாதி அமுக்கும் வித்தை வந்துவிட்டது. பாய்க்கு எதிரில் குந்திக்கொண்டு எலி பிடிக்கிறவள் மாதிரி காத்திருக்கிறேன். இத்துடன் இரண்டாவது ரோல். பள்ளிக்கூடம் எப்போது முடியும்? உன் முதலாளி ஊர்ப் பிள்ளைகளை எல்லாம் எடுத்து முடிப்பதற்குள் உன் அக்காள் பிள்ளைகள் பள்ளி முடித்து வேலைக்குப் போய்விடும்.

அக்கா


மே 2

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். இரண்டாவது ரோலையும் மூன்றாவது ரோலையும் சேர்த்து அனுப்புகிறேன். இருபத்தோரு படம் தேறியிருக்கிறது. நீ கற்றுக்கொண்டுவிட்டாய். பட்டாணி பாய்க்கு மேலே அந்தரத்தில் இருக்கும் படத்தைக் கடைக் கண்ணாடியில் வைக்கலாமா என்று முதலாளி கேட்டார். சரி என்று சொல்லிவிட்டேன்.

எல்லாக் கண்ணையும் சரிசெய்துவிட்டேன். இங்கே எல்லாம் சுகம். இந்த மாதக் கடைசிக்குள் கட்டாயம் வருகிறேன்.

உன் தம்பி


ஜூன் 7

தம்பிக்கு,

நான் கோபமாக இருக்கிறேன். பெரிய எழுத்தில் போடவில்லை, நீயே பெரிதாகப் படித்துக்கொள்.

நாலாவது ரோலை அனுப்பாமல் கையில் வைத்துக்கொண்டு, நீ வருவாய், நேரில் கொடுக்கலாம் என்று காத்திருந்தேன். பிள்ளைகளிடமும் சொல்லித் தொலைத்தேன். ராக்கெட் தினமும் படிக்கட்டில் போய் உட்கார்ந்தான். ஐந்தாம் நாள் பட்டாணி, "மாமா பொய்யா?" என்று கேட்டாள். மாமா பொய் சொல்கிறாரா என்று கேட்டாளா, மாமா என்பதே பொய்யா என்று கேட்டாளா, தெரியவில்லை. நம் அம்மா போன பிறகு எனக்கு என்று இருப்பது நீ ஒருத்தன். "சுகம், வருகிறேன், சரிசெய்துவிட்டேன்" என்று கடிதத்துக்கும் மை பூசி அனுப்புகிறாய். ஆளைத்தான் காணோம்.

அந்த ஆத்திரத்தில் ரோலை இங்கே பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு மணி நேரத்தில் பிரிண்ட் தருகிறோம் என்று பலகை வைத்திருக்கும் கடையில் கொடுத்தேன். ஒரு மணி நேரத்தில் கொடுத்துவிட்டான், அதில் குறையில்லை. ஆனால் கண்றாவி! ராக்கெட்டுக்கு இரண்டு கண்ணும் நெருப்புத் துண்டு. பட்டாணிக்கு ஒன்று சிவப்பு, ஒன்று பூனைக் கண் மாதிரி வெள்ளையாகப் பளபளக்கிறது. எல்லாப் படத்திலும் அப்படித்தான். "ஏங்க, இப்படியா போடுவீங்க?" என்று கேட்டால், "நாங்க விழுந்ததைத்தான் போடுவோம்மா" என்கிறான். நீ செய்கிற வேலையின் அருமை அப்போதுதான் தெரிந்தது என்று எழுத வேண்டியிருக்கிறதே, அதுவும் எனக்குக் கோபம்தான்.

ஒரு படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். பார்த்துச் சிரி.

அக்கா


ஜூன் 12

அக்கா,

இது வருவதற்குள் தையற்காரி அக்கா சொல்லியிருப்பார். காலை பத்து மணிக்கு உன் கடிதம் வந்தது. பதினொன்றரைக்கு அவர் வீட்டுக்கு ஃபோன் செய்தேன். நீ வேலைக்குப் போய்விட்டாய் என்றார். "இன்னைக்கே பட்டாணியைக் கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க, அந்தப் படத்தையும் எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க" என்று மூன்று தடவை சொன்னேன். காரணத்தை அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. இங்கே எழுதுகிறேன்.

நீ அனுப்பிய படத்தைப் பார்த்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்த வெள்ளையை எனக்குத் தெரியும். உன் மூன்று ரோல் நெகட்டிவையும் எடுத்து விளக்குப் பெட்டி மேல் வைத்தேன். நெகட்டிவில் வெள்ளை கறுப்பாகத் தெரியும். பட்டாணி கேமராவைப் பார்க்கிற படம் மொத்தம் பதினாலு. பதினொன்றில் அந்தக் கறுப்புப் புள்ளி இருக்கிறது. எதிரொளி என்றால் இடம் மாறும் அக்கா. ஜன்னல் ஒரு படத்தில் இந்தப் பக்கம், ஒரு படத்தில் அந்தப் பக்கம், ஒன்றில் ஜன்னலே இல்லை. புள்ளி மட்டும் மாறவில்லை. எப்போதும் அவளுடைய இடது கண்.

எதிர்க் கடையில் மூக்குக் கண்ணாடி விற்கிறவரிடம் ஓடினேன். உருப்பெருக்கியில் பார்த்தார். "தம்பி, நான் டாக்டர் இல்ல. சில சமயம் ஒண்ணும் இல்லாமலும் இப்படி விழும். ஆனா இது என் புள்ளையா இருந்தா நான் இங்க நின்னு பேசிட்டு இருக்க மாட்டேன்" என்றார். கண்ணுக்குள் ஏதோ ஒன்று வெளிச்சத்தை மறிக்கிறது, அதனால்தான் சிவப்பு திரும்பி வரவில்லை என்றார்.

அவள் இடப்பக்கக் கதவு நிலையில் இடித்துக்கொள்வதாக நீ எழுதியிருந்தாய். அதையும் படித்தேன். படித்துச் சிரித்தேன்.

பதினொரு தடவை அக்கா. ஒவ்வொரு தடவையும் தூரிகையை நுனி கூராக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணும் கருத்துமாக நான்தான் மூடினேன்.

இனி தினமும் காலையில் ஃபோன் செய்கிறேன். எடு. தயவுசெய்து எடு.

தம்பி


ஜூன் 28

தம்பிக்கு,

ஃபோனை நான் எடுக்கவில்லை. வேண்டுமென்றுதான் எடுக்கவில்லை.

விழித்திரையில் கட்டி. கெட்ட கட்டி. மருந்து விட்டு மயக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்கள். இடது கண்ணை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் நரம்பு வழியாக மூளைக்குப் போய்விடும் என்றார்கள். செவ்வாய்க்கிழமை எடுத்துவிட்டார்கள். உயிருக்கு இப்போது பயம் இல்லை என்கிறார்கள். ராக்கெட்டையும் சோதித்தார்கள். அவனுக்கு ஒன்றும் இல்லை.

டாக்டர் அம்மா அந்தப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "நல்ல வேளை இதை யாரும் திருத்தாம விட்டாங்க" என்றார். அவருக்கு உன்னைப் பற்றித் தெரியாது. நான் கேட்டேன், "மூணு மாசம் முன்னாடியே வந்திருந்தா?" அவர் படத்தைக் கீழே வைத்தார். பிறகு சொன்னார்: "கண்ணைக் காப்பாத்தியிருக்கலாம்மா. காப்பாத்த முடியாமலும் போயிருக்கலாம். யாராலயும் சொல்ல முடியாது." யாராலும் சொல்ல முடியாத அதையேதான் இரவும் பகலும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். உட்கார்ந்தால் எழுந்திருக்கிறேன், எழுந்தால் எதற்கு எழுந்தேன் என்று தெரியவில்லை.

உன் அத்தான் பாதி வழியில் வண்டியை வேறு ஆளிடம் விட்டுவிட்டு வந்துவிட்டார். உன்னைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான்தான் சொல்கிறேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாய். என் பிள்ளையின் கண்ணில் மறைத்தாய்.

வராதே. வந்தால் நான் என்ன பேசுவேன் என்று எனக்கே தெரியாது.


ஜூலை 6

அக்கா,

ஸ்டேஷன் வரை போனேன். நீ வராதே என்று எழுதியதை நாலு தடவை படித்தேன். வண்டி கிளம்பியது, நான் ஏறவில்லை. நீ வா என்று சொன்ன இரண்டு வருஷமும் வராதவன், வராதே என்று சொன்ன பிறகு வந்து நின்றால் அதுவும் என் சௌகரியத்துக்குத்தான் என்று தோன்றியது.

எனக்குத் தெரியாது என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன். எனக்குத் தெரியாதுதான். ஆனால் நான் பார்த்தேன். பார்த்ததும் அது என்ன என்று கேட்காமல், எப்படி மறைக்கலாம் என்று கை போய்விட்டது. பன்னிரண்டு வருஷத்துப் பழக்கம். ஒரு தடவை வந்து அவளை மடியில் வைத்துக்கொண்டு முகத்தைப் பார்த்திருந்தால் போதும். அதைச் செய்யாமல் படத்தில் மூக்கு என்னுடையதா என்று தேடிக்கொண்டிருந்தேன்.

கடைக் கண்ணாடியில் முதலாளி வைத்த படத்தை எடுத்துவிட்டேன். நீ பதில் எழுத வேண்டாம். அவள் சாப்பிடுகிறாளா என்று மட்டும் யாராவது ஒரு வரி எழுதினால் போதும்.

தம்பி


ஆகஸ்ட் 19

தம்பிக்கு,

சாப்பிடுகிறாள். ராக்கெட்டின் தட்டிலிருந்தும் எடுத்துச் சாப்பிடுகிறாள்.

ஒரு மாதத்துக்கு மேல் உனக்கு எழுதாமல் இருந்தது எனக்கு எளிதாக இருந்தது என்று நினைக்காதே. திட்டித் திட்டி மனசுக்குள் நூறு கடிதம் எழுதிவிட்டேன். உன் நல்ல காலம், ஒன்றையும் தபாலில் போடவில்லை.

போன வாரம் மருத்துவமனைச் சீட்டுகளை வைக்க ஒரு டப்பா தேடினேன். உன் பழைய கடிதங்கள் இருந்த டப்பா கிடைத்தது. அவற்றைத் தூக்கி எறியத்தான் வெளியே எடுத்தேன். மார்ச் மாதத்துக் கடிதம் மேலே இருந்தது. "ஒரு கண்ணில் வெள்ளைப் பொட்டு மாதிரி" என்று நீ எழுதியிருக்கிறாய். எழுதியிருக்கிறாய் தம்பி! நீ அதை என்னிடம் மறைக்கவே இல்லை. கறையைக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவள் நான், பெருமையாக வேறு உனக்கு எழுதினேன். நான் அதைப் படித்துவிட்டு என்ன செய்தேன்? "மூடினாலும் அழகி" என்று பதில் எழுதினேன். தினமும் குளிப்பாட்டித் தலை வாரிவிடுகிற முகம். கதவு நிலையில் இடித்துக்கொண்டு என்னிடம்தான் அழுதுகொண்டு வந்தாள். படத்தில் பார்த்த உன்னைத் திட்டினேன். நேரில் பார்த்த என்னை யார் திட்டுவது?

அதை உன் அத்தானிடம் காட்டினேன். படித்துவிட்டு மடித்துக் கொடுத்தார். "அந்தச் சின்ன கேமராவைத் தேடிக் குடுத்தது யாரு? அவன்தானே? ஃபிளாஷ் தள்ளி இருக்கற பெரிய கேமராவா இருந்தா வெள்ளையும் விழுந்திருக்காது, செவப்பும் விழுந்திருக்காதுன்னு டாக்டர் அம்மா சொன்னாங்கல்ல? நாம இன்னும் சிரிச்சிட்டேதான் இருந்திருப்போம்" என்றார். நல்ல மனுஷர். அவர் பேசுவதே குறைவு, பேசினால் இப்படி எதையாவது பேசி என்னை அழவைத்துவிடுவார்.

பட்டாணிக்குச் செயற்கைக் கண் பொருத்திவிட்டார்கள். பார்த்தால் தெரியவே தெரியாது. அவளே எல்லோரிடமும் "இது புதுசு" என்று காட்டிவிடுகிறாள். இப்போது கதவு நிலையில் இடிப்பதில்லை, தலையை முழுதாகத் திருப்பிப் பார்க்கக் கற்றுக்கொண்டாள். கழற்றிக் காட்டு என்று ராக்கெட் கெஞ்சுகிறான். அப்பாவை யார் என்று கேட்பதில்லை, தோளை விட்டு இறங்குவதே இல்லை.

கேமராவை அலமாரிக்குள் பூட்டி வைத்திருந்தேன். நேற்று அவளே அலமாரியைத் தட்டி, "டக்கு எடு, நான் குதிக்கிறேன்" என்றாள். எடுத்தேன். பச்சை விளக்கு எரிந்தது, காத்திருந்தேன், வந்தாள்.

இத்துடன் அந்த ரோல். ஒரு மணி நேரக் கடை பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே கொடுக்க மனம் வரவில்லை. நீ கழுவு. ஆனால் மை தொடாதே. என்ன விழுந்திருக்கிறதோ அது அப்படியே எனக்கு வேண்டும்.

அக்கா

படிக்கட்டில் ராக்கெட் இப்போதும் உட்காருகிறான்.


ஆகஸ்ட் 26

அன்புள்ள அக்காவுக்கு,

ரோல் வந்ததும் கடைக் கதவைச் சாத்திக்கொண்டு நானே கழுவினேன். முதலாளி வெளியே நின்று தட்டினார். திறக்கவில்லை. பன்னிரண்டு வருஷத்தில் அவருக்குக் கதவைத் திறக்காமல் இருந்தது இதுவே முதல் தடவை.

முப்பத்தாறு படத்தில் இருபத்தாறு தேறியிருக்கிறது. கதவு மூன்றுதான். பன்னிரண்டாவது படத்தைத்தான் நீ சொல்கிறாய் என்று நினைக்கிறேன். பாய்க்கு மேலே பட்டாணி, கால் இரண்டும் தரையில் இல்லை, வாய் திறந்திருக்கிறது. பின்னால் ராக்கெட் காதைப் பொத்திக்கொண்டு நிற்கிறான். இருவரும் நேரே உன்னைப் பார்க்கிறார்கள்.

அதை மேஜை மேல் வைத்தேன். தூரிகை பக்கத்தில்தான் இருந்தது. கை தானாக அதை நோக்கிப் போனது, பொய் சொல்ல மாட்டேன். பிறகு அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். அவளுடைய இடது கண் கறுப்பாக இருக்கிறது. அங்கிருந்து எதுவும் திரும்பி வரவில்லை. நான் பதினொரு தடவை வைத்த மை மாதிரியே இருக்கிறது, ஆனால் இது நான் வைத்தது இல்லை. வலது கண் சிவப்பு. நல்ல சிவப்பு அக்கா. வெளிச்சம் உள்ளே போய், எதுவும் மறிக்காமல், சுத்தமாகத் திரும்பி வந்திருக்கிறது. இத்தனை வருஷம் கறை என்று அழித்துக்கொண்டிருந்தேனே, அந்தச் சிவப்பைப் பார்த்து இன்று உட்கார்ந்து அழுதேன்.

இப்போது கடைக்கு எந்தப் பிள்ளையின் படம் வந்தாலும் மை தொடுவதற்கு முன் இரண்டு கண்ணும் சிவந்திருக்கிறதா என்று பார்க்கிறேன். சிவந்திருந்தால் மனசு ஆறுகிறது. முதலாளிக்குப் புரியவில்லை. புரிய வைத்தேன்.

சனிக்கிழமை வண்டி ஏறுகிறேன். லீவு கேட்கவில்லை, சொல்லிவிட்டேன். ராக்கெட்டிடம் ஞாயிற்றுக்கிழமை மட்டும் படிக்கட்டில் உட்காரச் சொல்.

பன்னிரண்டாவது படத்தை இத்துடன் முதலில் அனுப்புகிறேன், மீதி என் கையோடு வரும். ராக்கெட்டுக்கு இரண்டு, பட்டாணிக்கு ஒன்று. மொத்தம் மூன்று சிவப்பு. மூன்றையும் நான் தொடவில்லை.

உன் தம்பி